மேடை நம்முடையது, அணியில் நம் பிள்ளை எங்கே?

2025 டிசம்பர் 7, ஞாயிறு இரவு. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை அரையிறுதி. எதிரே நடப்புச் சாம்பியன் ஜெர்மனி. பதின்மூன்று நிமிடம் வரை இந்தியப் பையன்கள் கோல் விடாமல் தாக்குப்பிடித்தார்கள். 14-வது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. அரங்கம் அதை ஜீரணிப்பதற்குள் 15-வது நிமிடத்தில் இன்னொன்று. இடைவேளைக்கு முன் மூன்றாவது. பிறகு நான்கு, ஐந்து. 51-வது நிமிடத்தில் அன்மோல் எக்கா ஒரு கோலைத் திருப்பியபோது ஆட்டம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. 5-1.

எழும்பூரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும் வந்த வேதனை அல்ல இது. டிசம்பர் பனியில் ஊட்டியிலும் குன்னூரிலும் கம்பளிக்குள் சுருண்டு செல்போன் திரையில் பார்த்தவர்களுக்கும் தூக்கம் வரவில்லை. தோற்றதுகூடப் பெரிதில்லை. இதே படத்தை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தாகிவிட்டது என்பதுதான் எரிச்சல்.

2021-ல் புவனேஸ்வரம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-4. 2023-ல் கோலாலம்பூர். அரையிறுதியில் அதே ஜெர்மனியிடம் 1-4. 2025-ல் சென்னை, 1-5. மூன்று உலகக் கோப்பை, மூன்று அரையிறுதி, ஒரே எதிரி. கோல் வித்தியாசம் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்று முறையும் கோட்டுக்கு வெளியே நின்ற தலைமைப் பயிற்சியாளர் மட்டும் வேறு வேறு ஆள். 2021-ல் சீனியர் அணியைக் கவனித்துவந்த கிரகாம் ரீட், 2023-ல் சி.ஆர்.குமார், 2025-ல் பி.ஆர்.ஸ்ரீஜேஷ்.

தோல்வியில் ஆட்டக்காரர்கள் மாறுவது இயல்பு. 21 வயதுக்கு உட்பட்டோர் அணி என்றால் இரண்டு ஆண்டுக்கொருமுறை பாதி அணி வயதைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் இந்த வயதுப் பிரிவில் நிலைத்து நிற்கவேண்டியது பயிற்சியாளரும் அவருடைய திட்டமும். இந்திய ஹாக்கி நிர்வாகம் இதைத் தலைகீழாகச் செய்துவருகிறது. பையன்கள் மாறுகிறார்கள், பயிற்சியாளரும் மாறுகிறார், தோல்விக்கான காரணம் மட்டும் இடம்பெயராமல் இருக்கிறது.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். அரையிறுதி தோல்விக்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, அதே மைதானத்தில் அதே பையன்கள் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆடிய கடைசிக் கால் மணி நேரம் லேசில் மறக்கக்கூடியது அல்ல. 0-2 என்று பின்தங்கியிருந்த அணி 49-வது நிமிடத்தில் அங்கித் பால், 52-ல் மன்மீத் சிங், 57-ல் பெனால்டி ஸ்ட்ரோக் மூலம் சர்தானந்த் திவாரி, 58-ல் அன்மோல் எக்கா என்று நான்கு கோல் அடித்து 4-2 என வென்றது. வெண்கலம். 2016-க்குப் பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2 என்று முடிந்தபோது, ஷூட்அவுட்டில் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் நின்ற நிலையும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளிடம் நெஞ்சுரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வெண்கலப் பதக்கத்தைக் காட்டிக் கேள்விகளை மூடிவிடவும் முடியாது. பிரிவு ஆட்டங்களில் சிலியை 7-0, ஓமானை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0. மூன்று ஆட்டத்தில் 29 கோல் அடித்து ஒன்றுகூட வாங்காத அணி, முதல் வலுவான எதிரியிடம் ஷூட்அவுட் வரை போனது, இரண்டாவது வலுவான எதிரியிடம் ஐந்து கோல் வாங்கியது. பெண்கள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். ஜூனியர் பெண்கள் உலகக் கோப்பையில் 2022-ல் நான்காம் இடம், 2023-ல் ஒன்பதாம் இடம், சென்னையில் ஆண்கள் ஆடிய அதே டிசம்பரில் சிலியின் சாண்டியாகோவில் பத்தாம் இடம். பத்தாவதாக வந்த பெண்கள் அணியைப் பற்றி ஒரு விவாதம்கூட எங்கும் நடக்கவில்லை என்பது தனி வருத்தம்.

இதற்கு முன் ஒருமுறை இந்திய ஜூனியர் ஹாக்கி சரியாகவே நடந்திருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரசிகர்கள் கேட்பது இதுவரை நடக்காத ஒன்றை அல்ல.

2013 டிசம்பரில் டெல்லியில் ஜூனியர் உலகக் கோப்பை. சொந்த மண், சொந்த ரசிகர்கள். தென்னாப்பிரிக்காவின் கிரெக் கிளார்க் பயிற்சி கொடுத்த இந்திய அணி காலிறுதிக்கே போகாமல் பத்தாம் இடத்தில் முடித்தது. அடுத்த ஆண்டு ஹரேந்திர சிங் பொறுப்பேற்றார். பள்ளி முடித்த வயதுப் பையன்களைச் சேர்த்து, அதே கூட்டத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருந்தார். 2016 டிசம்பர் 18, லக்னோ. ஆஸ்திரேலியாவை அரையிறுதியில் ஷூட்அவுட்டில் தாண்டி, இறுதியில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். கோல் அடித்தவர்கள் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங். ஐந்தாண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்தி 41 ஆண்டுக்குப் பிறகு இந்தியா பதக்கம் வாங்கியபோது அதில் இரண்டு கோல் யாருடையது? அதே சிம்ரன்ஜீத். குர்ஜந்தும் ஹர்மன்ப்ரீத்தும் நீலகண்ட சர்மாவும் சுமித்தும் அந்த அணியில் இருந்தார்கள். ஜூனியர் அணியில் போட்ட உழைப்பு சீனியர் அணியில் பலன் கொடுத்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அந்தப் பயிற்சியாளரை நிர்வாகம் பிறகு எப்படி நடத்தியது? 2017-ல் பெண்கள் அணிக்கு அனுப்பினார்கள். 2018 மே மாதம் ஆண்கள் அணிப் பயிற்சியாளர் ஷோர்ட் மரைனையும் இவரையும் இடம் மாற்றிப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் புவனேஸ்வரம் உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றதும், 2019 ஜனவரியில் சீனியர் பொறுப்பிலிருந்து நீக்கி, மறுபடியும் ஜூனியருக்குப் போங்கள் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். பத்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குக் கூட்டிவந்த ஒருவரிடம் ஐந்தாண்டுக்குள் மூன்று முறை இருக்கை மாற்றச் சொன்ன கதை இது.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. தேயிலை நாற்று நட்டால் கொழுந்து கிள்ள மூன்று, நான்கு ஆண்டு ஆகும். இரண்டாம் ஆண்டில் இலை வரவில்லை என்று செடியைப் பிடுங்கி வேறு நட்டுக்கொண்டே இருப்பவருக்குத் தோட்டம் இருக்காது.

ஸ்ரீஜேஷ் விஷயத்திலும் கேள்வி அவர் மீது இல்லை. இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிய கோல்கீப்பர். 2024 ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த கையோடு ஓய்வு பெற்றார், உடனே ஜூனியர் அணியைக் கையில் கொடுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என்று வென்று ஜூனியர் ஆசியக் கோப்பை. 2025 அக்டோபரில் சுல்தான் ஜோஹர் கோப்பையில் இரண்டாம் இடம். முதல்முறை பயிற்சியாளராக வந்தவருக்கு இது நல்ல கணக்கு. ஆனால் முன்அனுபவம் இல்லாத ஒருவரை நாட்டின் இளைய அணிக்கு நேரடியாகத் தலைமை ஏற்க வைப்பது அவருக்கும் அநீதி, பையன்களுக்கும் அநீதி. ஓராண்டாவது ஒரு மூத்த பயிற்சியாளருடன் சேர்ந்து நின்று கற்றிருந்தால், 14-வது நிமிடத்துக்கும் 15-வது நிமிடத்துக்கும் நடுவில் அணியை அமைதிப்படுத்தும் வித்தை கிடைத்திருக்கலாம்.

இனி தமிழ்நாட்டுக்காரர்களின் தனிப்பட்ட கோபத்துக்கு வருவோம்.

உலகக் கோப்பையை நடத்தியது தமிழ்நாடு. முதல்முறையாக 24 நாடுகள். சென்னையிலும் மதுரையிலும் ஆட்டங்கள். மதுரையில் இதற்காகவே புதிய மைதானம் எழுந்தது. காங்கேயம் காளைதான் போட்டியின் சின்னம். மாநில அரசு கோடிக்கணக்கில் செலவிட்டது. இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன்கூட இல்லை.

இது எப்பேர்ப்பட்ட மாநிலம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1960, 64, 68 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி, தங்கம், வெண்கலம் மூன்றையும் பார்த்தவர் வி.ஜே.பீட்டர். அவர் தம்பி வி.ஜே.பிலிப்ஸ் 1975 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். முனீர் சேட், கிருஷ்ணமூர்த்தி பெருமாள் என்று வரிசை நீளும். 1980 மாஸ்கோவில் இந்தியா கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது அணித் தலைவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். முகமது ரியாஸ் சென்னை, ஆடம் சிங்க்ளேர் கோவை. நான்கு ஒலிம்பிக்கில் ஆடிய தன்ராஜ் பிள்ளை புனேயை அடுத்த கிர்கியில் வளர்ந்த தமிழர். 2022 ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் இந்தியச் சட்டை போட்டபோது ஊரே கொண்டாடியது, ஏனென்றால் அதற்கு முன் அத்தனை காலம் வறட்சி.

ஹாக்கி இந்தியாவின் பொருளாளர் சேகர் ஜே.மனோகரன் தமிழ்நாடு ஹாக்கி அமைப்பின் தலைவரும்கூட. நிர்வாகத்தில் நமக்கு நாற்காலி இருக்கிறது, மைதானம் இருக்கிறது, அரசின் பணம் இருக்கிறது. அணியில் இடம் இல்லை. தகுதி இல்லாத பையனை மாநிலப் பெயருக்காகச் சேர்க்கச் சொல்லி எந்த நல்ல ரசிகனும் கேட்க மாட்டான். தகுதியுள்ளவன் ஏன் உருவாகவில்லை, உருவானவன் யார் கண்ணிலாவது பட்டானா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கடமை நாற்காலியில் இருப்பவர்களுடையது.

இந்தக் கேள்வியை நீலகிரியில் நின்று கேட்டால் இன்னும் கூர்மையாகிறது. இந்த மலையில் ஹாக்கி மட்டை புதிய பொருள் அல்ல. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது. லவ்டேலில் 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. ராணுவமும் பழைய பள்ளிகளும் பரப்பிய ஆட்டம் இது. கால்பந்துக்குத்தான் இங்கே முதல் மரியாதை என்றாலும், மட்டையைப் பிடித்துப் பழகிய கைகளுக்குக் குறைவில்லை.

குறை தரையில் இருக்கிறது. ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அத்தனை பெரிய சமதளம் மலையில் தானாகக் கிடைக்காது, சரிவை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்படி வெட்டிய பள்ளி மைதானம் ஒன்றின் ஓரத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். பந்து விளிம்பைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கித் தேடி எடுத்து வர வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற நிலம். ஈரமண்ணில் பந்து ஒரு இடத்தில் நின்றுவிடும், அடுத்த இடத்தில் புல் திட்டில் பட்டுத் துள்ளும். துள்ளும் பந்தைப் பிடிக்கப் பையன் மட்டையைச் சற்று உயர்த்தியே வைத்திருக்கப் பழகிவிடுகிறான். செயற்கைப் புல்லில் பந்து தரையை ஒட்டி வழுக்கி வரும். அங்கே முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு படுக்கவைக்க வேண்டும். பதினேழு வயதில் தேர்வு முகாமுக்குப் போய் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து எறியும் டிராக் ஃப்ளிக்கும் அப்படித்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் செயற்கைப் புல்லில் தொடங்கியவனுக்கு அது கைவரும்.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைப் புல்லில் ஹாக்கி ஆடினார்கள். முந்தைய ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்தியா ஏழாவதாக வந்தது. ஐம்பது ஆண்டாகிறது. கோவையிலேயே ஒரு செயற்கைப் புல் மைதானத்துக்காக ஹாக்கிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. கோவையே காத்திருந்தால் மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருப்பவர்கள் எத்தனை காலம் காத்திருப்பது?

தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பையனுக்குச் செலவு இன்னொரு தடை. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் தோட்டங்களின் லயன் வீடுகளில் வளர்கிறார்கள். பச்சைத் தேயிலை விலை ஏறி இறங்கும்போதெல்லாம் சிறு விவசாயிகளின் வீட்டிலும் அதே நெருக்கடி. தரமான காம்போசிட் மட்டை ஒன்றே ஆயிரக்கணக்கில் ஆகும், கோல்கீப்பர் உடைத் தொகுதி பல ஆயிரம். அப்படியும் ஒரு பையன் தேறினால், மாநிலத்தின் பேர்பெற்ற ஹாக்கி விடுதியான கோவில்பட்டி ஊட்டியிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். பதிமூன்று வயதுப் பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பத் தாய்க்கு மனம் வருமா?

இத்தனைக்கும் மலையிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் பயிற்சி எடுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் பெருகும், கடைசிக் கால் மணி நேரத்திலும் மூச்சு தாக்குப்பிடிக்கும். இதற்காகவே இமாசலப் பிரதேசத்தின் ஷிலாரூவில், சுமார் 8,000 அடி உயரத்தில், இந்திய விளையாட்டு ஆணையம் செயற்கைப் புல் மைதானத்தோடு பயிற்சி மையம் வைத்திருக்கிறது. தேசிய அணிகள் அங்கே போய் முகாமிடுகின்றன. ஊட்டி 7,300 அடிக்கு மேல். ஷிலாரூவுக்கு அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு உதகமண்டலம் வரைபடத்தில் தெரியாமல் போனது வருத்தமான விஷயம்.

மலை, பழங்குடி, ஏழ்மை என்பதெல்லாம் தடை என்று சொல்லி ஒதுங்கவும் முடியாது. சென்னையில் ஆடிய அணியிலேயே மறுப்பு இருந்தது. சின்னஞ்சிறு மணிப்பூரிலிருந்து தலெம் பிரியோபர்த்தா, தொனாவ்ஜம் இங்காலெம்பா லுவாங் என்று இரண்டு பேர். ஒடிசாவிலிருந்தும் பையன்கள் வந்திருந்தார்கள். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமங்களில் மூங்கிலை வளைத்து மட்டையாக்கி ஆடிய பிள்ளைகளிலிருந்து வந்தவர்தான் இன்றைய ஹாக்கி இந்தியாவின் தலைவர் திலீப் திர்க்கி. லாசரஸ் பர்லா, அமித் ரோகிதாஸ் எல்லோரும் அதே மாவட்டம். அங்கே விடுதி வந்தது, பயிற்சியாளர் கிராமத்துக்குப் போனார், மாநில அரசு 2018 முதல் இந்திய அணிகளுக்கே விளம்பரதாரர் ஆனது, வட்டாரம் வட்டாரமாகச் செயற்கைப் புல் விரிக்கத் திட்டம் போட்டார்கள். ஒரே ஒரு மாவட்டத்தில் என்ன செய்ய முடியும் என்பது திர்க்கிக்குத் தெரிந்ததைப்போல வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவரிடம் கேட்பதற்கு ரசிகர்களுக்கு உரிமை அதிகம்.

ரசிகர்களின் சந்தேகத்துக்குப் பழைய காயமும் காரணம். 2008 மார்ச்சில் சிலியில் நடந்த தகுதிச் சுற்றில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக இந்தியா ஒலிம்பிக்குக்குப் போகாமல் நின்றது. அடுத்த மாதமே, அணியில் இடம் தரப் பணம் வாங்கியதாக ஒரு தொலைக்காட்சியின் ரகசியப் பதிவு வெளியானது. அப்போதைய கூட்டமைப்பின் பொதுச் செயலாளர் பதவி விலகினார், இந்திய ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது. அமைப்பே மாறிவிட்டது, ஆட்கள் மாறிவிட்டார்கள். ஆனால் யார் எதற்காகத் தேர்வானார், யார் எதற்காக விடப்பட்டார் என்று விளக்கும் வழக்கம் இன்றுவரை வரவில்லை. பட்டியல் வரும், பெயர்கள் வரும், காரணம் வராது. விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். அதைத் தடுக்க ஒரே வழி திறந்து சொல்வது.

மறுபடியும் கோப்பைக்கு வருவோம். ஜெர்மனி எட்டு முறை ஜூனியர் உலகக் கோப்பையை வாங்கியிருக்கிறது. சென்னையிலும் இறுதியில் ஸ்பெயினை ஷூட்அவுட்டில் வென்று அவர்கள்தான் தூக்கிச் சென்றார்கள். இந்தியா வாங்கியது 2001-ல் ஹோபார்ட்டிலும் 2016-ல் லக்னோவிலும் இரண்டே முறை.

இரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் வரிசையில் அடுத்த ஜூனியர் உலகக் கோப்பை 2027-ல். இப்போது கோத்தகிரியிலோ கூடலூரிலோ எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அது எட்டாது. 2031, 2033 எட்டும். அதற்கு இப்போதே செய்யவேண்டியவை சில உண்டு. ஜூனியர் அணிப் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் நான்கு ஆண்டு முழுதாகக் கொடுங்கள், ஒரு தோல்விக்காகத் தூக்காதீர்கள். தேர்வு அளவுகோலை எழுத்தில் வெளியிடுங்கள். தமிழ்நாடு ஹாக்கி அமைப்பும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தேர்வாளர்களை மலை ஏற்றி, ஊட்டியிலோ வெலிங்டனிலோ தேர்வு நடத்தட்டும். நீலகிரிப் பிள்ளைகளுக்கென்று கோவையிலேயே ஒரு விடுதியும், அவர்கள் நடந்து போகும் தூரத்தில் செயற்கைப் புல்லும் வேண்டும். மதுரையில் உலகக் கோப்பைக்காக மைதானம் கட்ட முடிந்த அரசுக்கு இது பெரிய செலவல்ல.

உங்கள் ஊர்ப் பள்ளியில் மட்டை பிடிக்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையைத் தேர்வுக்கு அழைத்தார்களா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கேளுங்கள்.